பத்து ரூபாய் டிக்கெட்டும் பாலத்தடியில் காணாமல் போன படகும்

வீடியோ கேம் டெஸ்டர் வேலைக்கு முயற்சி செய்யும் தாம்பரம் பக்கத்துப் பெண்கள் மூன்று பேர், நேர்காணலுக்கு எப்படிப் போனேன் என்று இந்த வலைப்பதிவில் கேட்டிருந்தார்கள். அவர்களுக்காக இது.

போன ஜூனில் ஒரு வியாழக்கிழமை. அதற்கு இரண்டு மாதம் முன்புவரை நான் அனகாபுத்தூரில் ஒரு தனியார் பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சர். விட்டுவிட்டேன். பள்ளியில் என் இடத்துக்கு இன்னும் ஆள் எடுக்கவில்லை. திரும்பி வருவதானால் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லச் சொல்லியிருந்தார்கள். என்னைத் தவிர வீட்டில் எல்லோரும் பதிலை முடிவு செய்துவிட்டார்கள். "கேம் ஆடுறதுக்கா டீச்சர் வேலைய விட்ட, ஷாஹின்?" என்று அண்ணன் தினமும் ஒரு தடவை கேட்பார். நான் பதில் சொல்வதை நிறுத்தியிருந்தேன்.

காலை 8.10க்கு வீட்டிலிருந்து கிளம்பினேன். பல்லாவரம் ஸ்டேஷன் 5 கி.மீ., ஷேர் ஆட்டோ 20 ரூபாய். 8.50க்குச் செங்கல்பட்டு ரயில், டிக்கெட் 10 ரூபாய். தாம்பரத்தோடு நின்றுவிடும் வண்டியில் ஏறிவிடாதீர்கள். படி ஏறி இறங்கி அடுத்த நடைமேடையைப் பிடிப்பதற்குள் மூச்சு வாங்கிவிடும். பெருங்களத்தூர் தாண்டியதும் உட்கார இடம் கிடைத்தது. 9.30க்குக் கூடுவாஞ்சேரி.

அங்கிருந்து இரண்டரை கி.மீ., ஒரு புது லேஅவுட்டில் டைல்ஸ் கடைக்கு மேல் மாடியில் அலுவலகம். தனி ஆட்டோ 60 ரூபாய்.

"அங்க இன்னா வேலக்கா உனக்கு?" என்று கேட்டார் ஆட்டோக்கார அண்ணா. சொன்னேன்.

"கேம் ஆட்றதுக்கு சம்பளமா? என் மச்சான் அதே வேலையாத்தான் வூட்ல குந்திகினு கீறான்."

"ஆடுறதுக்கு இல்லண்ணா. உடைக்கிறதுக்கு."

"அதையும்தான் பண்றான். போன மாசம் ரெண்டு போனு."

அன்று காலையில் நான் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

ஆறு பேர் வந்திருந்தோம். பெண் நான் ஒருத்தி. டெஸ்டிங் குழுவின் தலைவர் தினேஷ், எங்கள் போன்களிலேயே ஒரு படகுப் பந்தய விளையாட்டை ஏற்றிக் கொடுத்தார். இரண்டு மணி நேரம். கண்ணில் படும் பிழைகளை, எதைச் செய்தபோது வந்தது என்று படிப்படியாக எழுத வேண்டும். ஒன்றரை மணி நேரத்தில் எனக்குக் கிடைத்தவை நான்கு சில்லறைப் பிழைகள். அப்போது போன் அடித்தது. அம்மா. பள்ளிக்கு என்ன சொல்வது என்று கேட்கத்தான் என்று தெரியும். துண்டித்தேன். திரையில் தண்ணீர் ஓடுகிறது, கடிகாரம் ஓடுகிறது, பாலத்துக்கடியில் போன என் படகைக் காணோம்.

எழுதிக் கொடுத்தேன். தினேஷ் தன் போனில் முயன்று பார்த்தார்.

"எனக்கு வரலையே. உங்க போன் ஸ்லோவா இருக்கும். இத லிஸ்ட்லேர்ந்து அடிச்சிடலாம்."

"அடிக்காதீங்க சார். நான் பார்த்தேன்."

"கேம் நடுவுல கால் வந்தா யாருங்க மறுபடி விளையாடப் போறாங்க?"

"எங்க ஏரியால கால் வந்துகிட்டேதான் சார் இருக்கும். நீங்களே என் நம்பருக்குக் கூப்பிடுங்க."

கூப்பிட்டார். மூன்று தடவையும் படகு சமர்த்தாகப் பாலத்தைக் கடந்து வந்தது. மற்ற ஐந்து பேரும் என்னையே பார்த்தார்கள். "விடுங்க மேடம்" என்றார் தினேஷ். அந்த நொடியில்தான் உறைத்தது: மூன்று தடவையும் மணி தானாக அடங்கும்வரை விட்டிருந்தேன். அம்மாவை நான் துண்டித்தேன், அதுவும் படகின் முனை பாலத்து நிழலில் நுழைந்தபோது.

"இன்னும் ஒரே தடவை சார்."

நிழல் தொட்டதும் துண்டித்தேன். படகு மறைந்தது. மறுபடி செய்தேன். மறைந்தது. தினேஷ் என் போனை வாங்கித் தானே ஒருமுறை செய்து பார்த்தார். உள்ளே போய் புரோகிராமரை அழைத்துவந்தார்.

அன்றைக்கே வேலை கொடுத்தார்கள்: ஆறு மாத ஒப்பந்தம், மாதம் 16,000 ரூபாய். பள்ளியில் வாங்கியதைவிட 2,000 குறைவு. மாடிப்படியில் நின்று அம்மாவைக் கூப்பிட்டேன்.

"ஏன் கட் பண்ண? ஸ்கூலுக்கு வர்றேன்னு சொல்லிடவா?"

"வரலன்னு சொல்லிடும்மா."

"உங்க அண்ணன்கிட்ட நீயே சொல்லிக்க" என்றார். சொன்னேன். அண்ணன் பத்து நாள் என்னோடு பேசவில்லை. நான் பத்து நாளும் வேலைக்குப் போனேன்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. இது விளையாட்டு இல்லை. போன வாரம் மூன்று நாள் முழுக்க ஒரு கேமுக்குள் ஒரே கதவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன், கண் எரிந்தது. முன் அனுபவம் கேட்பார்கள். உங்கள் போனில் இருக்கும் ஏதாவது விளையாட்டில் பத்துப் பிழை கண்டுபிடித்து, படிப்படியாக எழுதி எடுத்துப்போங்கள், அதுதான் அனுபவம். பயிற்சிக் கட்டணம் கட்டு என்று சொல்கிற இடத்தில் உட்காரவே உட்காராதீர்கள். சார்ஜர் மறக்க வேண்டாம்.

என் ஒப்பந்தம் டிசம்பரில் முடிந்து, இன்னும் ஆறு மாதம் நீட்டித்திருக்கிறார்கள். அதுவும் ஒருநாள் முடிந்துவிடும். முடிந்ததும் இன்னொரு மாடிப்படி ஏறுவேன், இதே வேலை கேட்டு.