லின் எழுதிக் காட்டிய இரண்டு எழுத்துகள்

ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹே நகரில் எங்கள் மாணவர் விடுதிச் சமையலறையில் சத்தமில்லாமல் அரட்டை நடக்கும். சீனத்து லின்னும் ஜப்பானிய யூகாவும் கடை ரசீதுகளின் பின்பக்கம் மாற்றி மாற்றி எழுதிச் சிரிப்பார்கள். ஒருத்தியின் பேச்சு மற்றவளுக்குப் புரியாது. யூகாவுக்கு ஜெர்மனும் இன்னும் வரவில்லை. ஆனால் சீன எழுத்துகள் பலவற்றை ஜப்பானியரும் எழுதுகிறார்கள். ஒலி வேறு, பொருள் ஒன்று. "இந்தியர்களுக்கும் ஒரே எழுத்துதானே?" என்றாள் லின். எங்கள் ரூபாய் நோட்டில் வரிசையாக இருக்கும் வேறுவேறு எழுத்துகளைக் காட்டினேன். நம்பவில்லை.

எனக்கும் அம்மாவுக்கும் இடையில் பேச்சு மட்டும்தான். கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸ் வேலைக்குப் போன அம்மா கைநாட்டு. எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். பத்தாவது படிக்கையில், நான் பள்ளிக்கூடம் போயிருந்தபோது எங்களுக்கு வந்த கடிதத்தை வாசித்துச் சொன்ன பக்கத்து வீட்டுக்காரர் அதைத் தெரு முழுக்கப் பரப்பிவிட்டார். ரோஷத்தில் சொன்னேன்: "இனி எந்தப் பேப்பரையும் யார்ட்டயும் நீட்டாத. நான் இருக்கேன்ல." அன்றிலிருந்து வீட்டுக் காகிதமெல்லாம் எனக்காகக் காத்திருக்கும்.

ஜூன் மாத ஞாயிறு ஒன்றில் போனில் அம்மா போகிறபோக்கில் சொன்னாள்.

"ஆஸ்பத்திரியில ஒரு பேப்பர் குடுத்தாக. டாக்டரம்மாட்ட காட்டணுமாம். மொதல்ல நீ வாசிச்சுச் சொல்லு, பெறகு போவம்னு வச்சிருக்கேன்."

"எப்பம்மா குடுத்தாங்க?"

"பொங்கலுக்கு முன்ன."

"யார்ட்டயாவது காட்டிருக்கலாம்ல?"

"படிச்ச பிள்ளையப் பெத்துட்டு எவன்ட்டயோ போய் நிக்கவா?"

மறுநாள் ஊரிலிருந்த என் சிநேகிதி எங்கள் வீட்டுக்குப் போய் அந்த இங்கிலீஷ் காகிதத்தைப் போனில் எனக்கு வாசித்தாள். மார்பில் புற்று. அம்மாவிடம் சொல்லாதே என்றேன்.

சமையலறையில் அழுதபடி லின்னிடம் ஜெர்மனில் சொன்னேன். யூகா புரியாமல் விழித்தாள். லின் ரசீதில் எழுதி நகர்த்தினாள்: 母病. யூகா பார்த்த கணமே என் கையைப் பிடித்துக்கொண்டாள். அம்மா, நோய் என்று லின் பிறகு சொன்னாள். என் வீட்டுச் செய்தி என் கண்முன்னே கைமாறியது. பட்டம் வாங்கிய எனக்கு அதில் ஒரு கோடும் விளங்கவில்லை. ஆஸ்பத்திரி ஜன்னலில் அம்மா இப்படித்தான் நின்றிருப்பாள்.

ஊருக்குப் போனேன். அறுவைக்குக் காலம் கடந்துவிட்டது என்று ஆஸ்பத்திரியில் என்னிடம் தனியாகச் சொன்னார்கள். சாயங்காலம் அம்மா ஒரு ஜவுளிக்கடைப் பையைக் கவிழ்த்தாள். முடிந்துபோன கல்யாணங்களின் பத்திரிகைகள், கரண்ட் ஆபீஸ் நோட்டீஸ். ஒவ்வொன்றாக வாசித்தேன். ஆஸ்பத்திரிக் காகிதம் வந்தது.

"என்ன போட்டிருக்கு?"

"ரத்தம் கம்மியாம்மா. மாத்திரை சாப்பிடணுமாம்."

"இம்புட்டுத்தானா! இதுக்குப்போயி ஓடியாந்தியா?" என்று சிரித்தாள். பிறகு என் கைப்பையில் துருத்திக்கொண்டிருந்த காகிதத்தைத் தொட்டாள். அடுத்த வாரமே நான் திரும்புவதற்கான பிராங்பேர்ட் விமான டிக்கெட்.

"இதையும் வாசி, பிள்ள."

தேதியை விட்டுவிட்டு வாசித்தேன்.