பாயில ஒரு தார் வட்டம்

எழுபதுகள்ல சதுரங்கப்பட்டினத்துல ஒரே ஒரு பெரிய ஆர்ட்டிஸ்ட் இருந்தான். நான் தான். அப்டி சொல்லிகினு திரிஞ்சவனும் நான் ஒர்த்தன் தான். பள்ளிக்கூடத்துல மழைக்கு ஒதுங்கினதோட சரி.

அப்பதான் எனக்கு கல்யாணம் ஆச்சி. பொண்ணு எங்க சொந்தம்தான். ஆனா அவங்க அப்பன் கடல வுட்டுட்டு செங்கல்பட்டு பக்கம் கத்திரித் தோட்டத்துல வேலைக்கு போயிட்ட ஆளு. இவ கடலையே அப்பதான் பாக்குறா.

நானும் என் மச்சானும் ஒரே கட்டுமரத்துல மீனுக்கு போவோம். திரும்பி வரசொல்ல எல்லா கட்டுமரத்துலயும் காத்துக்கு விரிச்ச பாயி ஒரே பழுப்பு. எங்க ஊரு பொம்பளைங்க பாயி சாயிறத பாத்தே புருசன் எதுல வரான்னு சொல்லிடுவாங்க. இவளுக்கு ஒண்ணும் புரியாது. நான் கரை ஏர்ற வரைக்கும் அழுதுகினே நிப்பா.

"இன்னாமே, நான் செத்தா பூட்டேன்?"

"எதுல நீ வரேன்னு தெரிஞ்சா நான் ஏன்யா அழுவுறேன்?"

தெரிய வெச்சிட்றேன்னு கெளம்பிட்டேன். அங்க இங்க மிச்சமான பெயிண்ட்ட வாங்கியாந்து பாய் பூரா வரைஞ்சேன். மயிலு, மீனு, நெலா, தாமரப்பூ. இன்னும் எடம் கீதேன்னு ஒரு பாம்பு. மச்சான் மயில பாத்துட்டு, "டேய், இந்த கோழி முட்ட போடுமா?"ன்னான்.

மறுநாளு வந்தா அப்பவும் அழுதுகினு நிக்கிறா.

"அவ்ளோ கலரு அட்ச்சேனே!"

"தூரத்துலேர்ந்து அழுக்குத் துணி மாரி கீதுயா. அல்லாத்தையும் போட்டா எத பாக்குறது?"

அவங்க தோட்டத்துல காக்கா வெரட்ட ஒரு கரிப்பானை கவுத்து, சுண்ணாம்பு பொட்டு வெப்பாங்களாம். ரோட்டுலேர்ந்து பாத்தா அது மட்டும்தான் தெரியுமாம். சொல்லிகினே என் கல்யாண வேட்டிய எடுத்து பாய் நடுவுல வெச்சி தெச்சிட்டா. அதுல தாரால ஒரே ஒரு வட்டம் போட சொன்னா.

"சுத்தி இவ்ளோ எடம் சும்மா கீதேமே, ஓரத்துல ஒரு சின்ன மீனு..."

"கைய வெச்சே, ஒட்ச்சிடுவேன். சும்மா கீறதாலதான்யா வட்டம் தெரியுது."

அதுக்கப்புறம் அவ அழுவல. வட்டம் கண்ணுல பட்டதும் ஒல வெச்சிட்டு வந்து நிப்பா.

இப்ப எனக்கு பேஜாரு. கடல்லேர்ந்து பாத்தா கரையில இவ எங்கன்னு எனக்கு தெரியல. செங்கல்பட்டு போயி பளிச்சினு ஒரு செவப்பு பொடவ வாங்கியாந்தேன். அவளும் கட்டிகினு கரையோரம் கீற பழைய டச்சுக்காரன் கோட்ட செவுத்தாண்ட நின்னா. செங்கல் செவுரு. அதுவும் செவப்பு. கண்ணு வலிக்க தேடிட்டு கரை ஏறுனேன். அவ சிரிச்சிகினே, "பொடவ எனக்கா செவுத்துக்கா, ஆர்ட்டிஸ்ட்டு?"ன்னா. அடுத்து மஞ்சள் பொடவ வாங்கினேன். அலைக்கு அந்தாண்ட இருந்தே தெரிஞ்சிது.

ஏழாம் மாசம் வளையல் போட்டு அவங்க அம்மா வூட்டுக்கு கூட்டிகினு பூட்டாங்க. தெனம் வரேன், கோட்ட மட்டும் நிக்கிது. பாக்க ஆளில்லாத வட்டத்துக்கு தார் பூசிகினு கெடந்தேன்.

"இன்னாடா அப்டி பாக்குற, கோட்டைய வெலைக்கு கேக்கப் போறியா?"ன்னான் மச்சான். அப்றம் என் மூஞ்ச பாத்துட்டு, "போயி அவள பாத்துட்டு வாடா"ன்னான்.

வேட்டிய பாய்லேர்ந்து பிரிச்சி கக்கத்துல வெச்சிகினு பஸ் ஏறுனேன். அவங்க தோட்டம் ரோட்டுலேர்ந்து ரொம்ப தூரம். ரோட்டோர வரப்புல நின்னு, வெக்கமே இல்லாம வேட்டிய ரெண்டு கையால தூக்கி விரிச்சி புடிச்சேன். காக்காதான் பறந்துச்சி. பஸ்ஸுல இருந்தவன்லாம் சிரிச்சான்.

அப்ப கத்திரிச் செடிக்கு நடுவுல, குனிஞ்சிகினு இருந்த ஒரு மஞ்சள் மெதுவா நிமுந்துச்சி.

அவ போயி சேந்து ரொம்ப வருசமாச்சி. கிட்ட போயி நாங்க இன்னா பேசுனோம்னு நெனச்சி நெனச்சி பாக்குறேன், வர மாட்டேங்குது. அந்த பச்ச நடுவுல மஞ்சள் மட்டும் அப்டியே நிக்கிது. ஒரு கை இடுப்புல. ஒரு கைய ஆட்டிகினே கீது.