இரண்டாவது ஜாய்ஸ்டிக்

புனேயில், ஔந்த் பகுதியில், ஒரே வீட்டில் மூன்று பேர் இருந்தோம். கோயம்புத்தூர்க்காரன் ஒருவன், சென்னைக்காரன் ஒருவன், நான். மூவருக்கும் ஹிஞ்சேவாடி ஐ.டி. பார்க்கில் வேலை. கோயம்புத்தூர்க்காரன் போனஸ் வந்ததும் கேம் கன்சோல் வாங்கி ஹால் டிவியில் மாட்டினான். நான் கம்ப்யூட்டர் வாங்கி என் அறையில் வைத்தேன்.

எது உசத்தி என்ற சண்டையில் ஜெயித்தது நான்தான். கம்ப்யூட்டரில் வேகம் போதாவிட்டால் ஒரு கார்டை மாற்றினால் போதும். கன்சோல் பழசானால் பழசுதான். குறிபார்த்துச் சுட மவுஸுக்கு ஈடு இல்லை. வேலையும் பழகலாம். இந்தக் கடைசிக் காரணம்தான் எனக்கு முக்கியம். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தைத் தாண்டியவன் நான் ஒருவன். விளையாட மட்டுமே ஆகிற ஒரு பொருளை அப்பாவிடம் என்னவென்று சொல்வது?

"கம்ப்யூட்டரா? அதான் ஆபீஸ்லயே இருக்குமே?" என்று போனில் கேட்டார்.

"வீட்லயும் பழகணும்ப்பா."

"பழகு, பழகு. கண்ணப் பாத்துக்க."

எல்லா வேலையும் செய்கிற பெட்டி என் அறையில் இருந்தால் மற்ற இருவரும் அங்கே வந்து உட்காருவார்கள் என்று நினைத்திருந்தேன். ரயில் டிக்கெட் பார்க்க வந்தார்கள். பார்த்ததும் போனார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஹாலில் ஒரே கூச்சல். தோற்றவன் கீழே போய் வடா பாவ் வாங்கி வரவேண்டும் என்பது அவர்கள் சட்டம். எனக்கும் ஒன்று வரும். ஆடாமலே தின்பேன். சென்னைக்காரன் கதவைத் தட்டி, "மச்சி, ஒரு ஆட்டம் போட்டுட்டுப் போடா" என்பான். அவ்வளவு பேசிவிட்டு எப்படிப் போய் உட்காருவது?

ஒரு ஞாயிறு சென்னைக்காரனுக்கு ஆபீஸ். துணை இல்லாமல் கோயம்புத்தூர்க்காரன் என் அறைக்கு வந்தான். ஒரே கீபோர்டில் இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவன், தோள் இடிக்கச் சண்டை விளையாட்டு ஆடினோம். இருவரும் சேர்ந்து அழுத்தியபோது சில பட்டன்கள் வேலை செய்யவில்லை. திரையில் அவன் ஆள் நின்றபடியே அடி வாங்கினான்.

"ஏன்டா, இத்தன வேல செய்யுதுங்கற, ரெண்டு பேரு ஆட முடியலயே?" என்று சிரித்துவிட்டு ஹாலுக்குப் போனான்.

அந்த வாரமே இரண்டு ஜாய்ஸ்டிக் வாங்கி வந்து கம்ப்யூட்டரின் பின்னால் சொருகினேன். கூப்பிடப் போனேன். அவன் டிவியைப் பழைய போர்வையில் சுற்றிக்கொண்டிருந்தான். வேலையை ஊருக்கே மாற்றிக் கொடுத்துவிட்டார்களாம். கல்யாணமும் பேசி முடித்தாயிற்று.

"வண்டி வர்ற வரைக்கும் ஆடலாம், வாடா" என்றான் அவனே.

என் அறையில் புது ஜாய்ஸ்டிக்கில் ஆடினோம். எல்லாப் பட்டனும் வேலை செய்தது. அவன்தான் தோற்றான். வடா பாவ் வாங்கக் கீழே இறங்குவதற்குள் ஹாரன் கேட்டது.

"கடன் வெச்சுக்கடா" என்று போய்விட்டான். சென்னைக்காரனும் கொஞ்ச நாளில் பக்கத்துப் பாணேரில் ஆபீஸ் நண்பர்கள் வீட்டுக்குக் குடிபோனான்.

ஹால் காலியானது. நான் அறையில் அதே விளையாட்டைப் போடுவேன். எதிராளியாகக் கம்ப்யூட்டரே ஆடட்டுமா என்று அது கேட்கும். நல்ல வசதிதான். வேண்டாம் என்று அழுத்துவேன். இரண்டாவது ஜாய்ஸ்டிக் பக்கத்தில் சும்மா கிடக்கும். திரையில் எதிரே அந்த ஆள் இரண்டு கையையும் தூக்கியபடி, லேசாக அசைந்துகொண்டு நிற்பான். நான் அடிப்பதில்லை. நேரம் முடியும்வரை இருவரும் நிற்போம்.