இடப்பக்கம் இழுத்த வண்டி

சக்கரம் கல்லில் மோதும் சத்தம் முதலில் காதில் கேட்கும் என்றுதான் நினைப்பீர்கள். இல்லை, அது முதலில் பல்லில் கேட்கிறது, தாடை கிடுகிடுத்து, நாக்கு கடிபட்டு, வாயில் ரத்தத்தின் உப்பு பரவிய பிறகுதான் "டொம்" என்று காதுக்கு வந்து சேர்கிறது. நெய்வேலியில் நாங்கள் குடியிருந்த பிளாக்கின் பூங்கா வளைவில், சாலையோரத்துக் கருப்பு வெள்ளைக் கல்லில் எங்கள் பழைய சிவப்புக் கார் இடது முன்சக்கரத்தைக் கொண்டுபோய் இடித்தபோது எனக்குப் பதின்மூன்று வயது. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தவள் அம்மா, பக்கத்து சீட்டில் நான். அப்பா ஃபர்ஸ்ட் ஷிஃப்டில், மைன்ஸில். அவர் இல்லாமல் வண்டியைத் தொடக்கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம்.

அம்மா கார் ஓட்டக் கற்றுக்கொண்டது ஆசைக்காக அல்ல. தம்பி ஜோயலுக்கு "வீசிங்". முந்தைய மழைக்காலத்தில், அப்பா செகண்ட் ஷிஃப்டில் இருந்த ஒரு மாலை, அவன் மூச்சு விசிலடிக்கத் தொடங்கி உதடு நீலம் பாரித்தபோது, அம்மா அவனைத் தூக்கிக்கொண்டு குவார்ட்டர்ஸ் குவார்ட்டர்ஸாகக் கதவைத் தட்டினாள். கடைசியில் எதிர்வீட்டு ஸ்டெல்லா ஆன்ட்டியின் ஸ்கூட்டரில், அவனை ரெயின்கோட்டுக்குள் செருகிக்கொண்டு, கொட்டுகிற மழையில் ஆஸ்பத்திரிக்குப் போனாள். எங்கள் கார் ஷெட்டில் நனையாமல் நின்றிருந்தது. அது அப்படி நின்றதை அவள் மன்னிக்கவேயில்லை. அவன் பிழைத்து வீடு வந்த அன்றே, "எனக்கு வண்டி கத்துக்குடுங்க" என்று அப்பாவிடம் கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வகுப்பு நடக்கும். வகுப்பு என்றால் திட்டு. நேர் ரோட்டில் வண்டி இடப்பக்கமே ஒதுங்கும். அப்பா டேஷ்போர்டைத் தட்டுவார். "என்னா மேரி, லெஃப்ட்லயே இழுத்துகினு போற? அங்க என்னா, உங்க அம்மா வூடா இருக்குது?" அடுத்து, எதற்கெடுத்தாலும் அவர் சொல்லும் அந்த ஒற்றை வாக்கியம் வரும்: "ஆளு நேரா இருந்தா வண்டி நேரா போவும்." அவர் ஓட்டினால் நேராகத்தான் போனது, அதுதான் கொடுமை. ஒரு கையைத் தொடைமேல் போட்டுக்கொண்டு மறுகையால் லேசாகப் பிடித்திருப்பார், வண்டி கோடு போட்டதுபோல் போகும். அம்மா தன் கைகளையே வெறுக்கத் தொடங்கினாள். மாவு பிசையும்போதுகூட நிறுத்திவிட்டு உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள்.

லைசென்ஸ் டெஸ்ட் நெருங்கியது. "ஒரு கீறல் வுழுந்தாலும் சாவி என் பாக்கெட்டுக்கு வந்துரும்" என்று அப்பா சொல்லிவைத்திருந்தார். சாவி போனால் என்ன ஆகும் என்பது எங்களுக்குத் தெரியும். அடுத்த மழையும் வரும், அடுத்த செகண்ட் ஷிஃப்டும் வரும். அந்தப் பயத்தில்தான், அப்பா இல்லாத நேரத்தில் இன்னும் கொஞ்சம் பழகிக்கொள்ளலாம் என்று வண்டியை எடுத்தாள். அந்தப் பயத்தில்தான் வளைவில் கை பிசகியது.

எப்படியோ வண்டியைத் திருப்பி ஷெட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தோம். ஸ்டியரிங் கோணிக்கொண்டு நின்றது. "போச்சுடி, எல்லாம் போச்சு" என்று அம்மா தலையில் கைவைத்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ் வருவதற்குள் என்ன உடைந்திருக்கிறது என்று கண்டுபிடித்தாக வேண்டும். எனக்கோ அந்த வயதில் கார் பைத்தியம். படிக்கிற புத்தகத்துக்குள் ஃபோனை மறைத்து வைத்துக்கொண்டு மெக்கானிக் வீடியோவாகப் பார்த்துத் தள்ளியவள். "ம்மா, எந்திரி. பார்க்காமலே அழக்கூடாது" என்றேன், எனக்கும் அழுகைதான் வந்தது.

முதலில் டயரைத் தடவினேன். பக்கவாட்டில் புடைப்பு இல்லை, காற்றும் இறங்கவில்லை. பிறகு துணி காயப்போடும் கொடிக்கயிற்றை அவிழ்த்து வந்தோம். ஸ்டியரிங்கை நேராக வைத்து, பின்சக்கரத்தை ஒட்டி முன்சக்கரம்வரை கயிற்றை விறைப்பாக இழுத்துப் பிடித்தால், நேரான சக்கரத்தின் இரண்டு விளிம்பையும் கயிறு ஒன்றாகத் தொடும். வலப்பக்கம் தொட்டது. இடப்பக்கம் முன்விளிம்பைத் தொட்டு, பின்விளிம்பில் என் விரல் நுழைய இடம் விட்டது. சக்கரம் வெளியே பார்த்துக்கொண்டு நின்றது. உள்ளே சக்கரத்தைத் திருப்புகிற "டை ராட்" வளைந்திருக்கிறது என்று அர்த்தம். அம்மா கயிற்றை அப்படியே கீழே போட்டாள்.

ரிம் எவ்வளவு அடிபட்டிருக்கிறது என்று பார்க்க, அதை மூடி மேலே மாட்டியிருந்த "வீல் கப்"பை நெம்பிக் கழற்றினேன். போன மழைக்காலத்தில் அப்பா பண்ருட்டியிலிருந்து வாங்கிவந்து, நாலு சக்கரத்துக்கும் "அழகா இருக்கட்டும்" என்று மாட்டியது. ரிம்மின் விளிம்பில் இன்றைய கீறல் ஒன்று, வெள்ளியாக மின்னியது. அதற்குக் கொஞ்சம் தள்ளி இன்னொரு நசுங்கல் இருந்தது, அதைவிடப் பெரியது. அதில் துரு ஏறியிருந்தது.

இரும்பு ஒரு மணி நேரத்தில் துருப்பிடிக்காது. ஸ்டியரிங்கை ஒரு பக்கமாக ஒடித்துத் திருப்பிவிட்டுக் குனிந்து டயரின் உள்பக்கத்தைப் பார்த்தேன். வெளிப்பக்கம் பட்டை பட்டையாக நன்றாக இருக்க, உள்விளிம்பு மட்டும் மொட்டையாக, வழுவழுவென்று தேய்ந்திருந்தது. அப்படித் தேய மாதக்கணக்கில் ஓட வேண்டும். அதே மழைக்காலத்தில் ஒரு ராத்திரி பண்ருட்டியிலிருந்து வரும்போது ஏதோ இடித்து நாங்கள் திடுக்கிட்டு விழித்ததும், "பள்ளம், ஒண்ணுமில்ல, தூங்குங்க" என்று அப்பா சொன்னதும் நினைவுக்கு வந்தது. அவர் நேராக ஓட்டவில்லை. இழுக்கிற வண்டியை வலப்பக்கம் பிடித்துப் பிடித்து, நேராகப் போவதுபோல் காட்டிக்கொண்டிருந்தார்.

அம்மா துருவை விரலால் தொட்டாள். "அப்ப என் கை கோணல் இல்லையாடி?" என்றாள். நான் துள்ளினேன், அவள் துள்ளவில்லை. "கப்ப மாட்டிடு. சொன்னா அந்த மனுஷன் தாங்க மாட்டாரு" என்றாள்.

நான் மாட்டவில்லை. அப்பா வந்தார், கழற்றிவைத்த கப்பைப் பார்த்தார், கயிற்றைப் பார்த்தார். "புதுக் கீறல் அம்மாதுப்பா. துருப்பிடிச்சது யாருது?" என்று கேட்டேன். அவர் குந்தி உட்கார்ந்து ரிம்மைத் தடவினார். வெகுநேரம் தடவினார். பிறகு எழுந்து, "மேரி, சோறு போடு" என்றார். அவ்வளவுதான். டெஸ்டுக்கு யாரும் போகவில்லை. அதே வாரம் பண்ருட்டிக்காரர் ஒருவர் வந்து காரை விலைக்கு வாங்கி ஓட்டிக்கொண்டு போனார். "வண்டி ராசியில்ல" என்று அப்பா அக்கம்பக்கத்தில் சொன்னார். அடுத்த மழையில் ஜோயல் மறுபடியும் ஸ்கூட்டரில்தான் போனான், மறுபடியும் ரெயின்கோட்டுக்குள். பின்னால் உட்கார்ந்திருந்த அம்மா வழி முழுக்க "மாதாவே, மாதாவே" என்று கத்திக்கொண்டே போனதை எதிர்வரிசை வரை கேட்டார்கள்.

அவன் பிழைத்தான், இப்போது என்னைவிட உயரம். அப்பா ரிட்டையராகி நாங்கள் குவார்ட்டர்ஸை விட்டு வெளியே வந்துவிட்டோம். நான் மெக்கானிக்கல் படித்து, கார் சர்வீஸ் ஒன்றில், சக்கரத்தின் கோணலைத் திரையில் காட்டும் மெஷின் முன்னால் நிற்கிறேன். போன மாதம் செகண்ட் ஹேண்டில் ஒரு கார் வாங்கினேன். நாலு சக்கரத்தையும் நானே பார்த்து நேராக்கிவிட்டு, அம்மாவைப் பக்கத்திலும் அப்பாவைப் பின்சீட்டிலும் உட்காரவைத்து, பழைய பிளாக்குக்கு ஓட்டிப்போனேன். எங்கள் வரிசை பூட்டிக்கிடக்கிறது. ஷெட் இல்லை. பூங்கா வளைவில் கருப்பு வெள்ளைக் கல் இருந்த இடத்தில் முள்செடி. ஷிஃப்ட் விடும் நேரத்திலும் அங்கே ஒரு பஸ் நிற்கவில்லை.

ஆளில்லாத அந்த நேர் ரோட்டில் அம்மாவிடம் சாவியைக் கொடுத்தேன். அவள் ஓட்டினாள். வண்டி மெல்ல, மிக மெல்ல, வலப்பக்கம் ஒதுங்கியது. அவள் திருத்தினாள், மறுபடியும் வலப்பக்கம். இடப்பக்கம் இழுத்த அந்தச் சிவப்புக் காரை வலப்பக்கம் தாங்கிப் பிடித்த கை இத்தனை வருடம் கழித்தும் இன்னும் அதைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. "பாத்தியா, எனக்கு வராதுடி" என்று வண்டியை நிறுத்தி, சாவியை உருவி என் மடியில் போட்டாள்.

பின்சீட்டைத் திரும்பிப் பார்த்தேன். அப்பா கண்ணாடிக்கு வெளியே முள்செடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் சாவியை எடுத்து மறுபடியும் அம்மாவின் கையில் வைத்தேன்.