வீட்டுச் செய்திக்கு ஒரு வரி

வெள்ளிக்கிழமை சாயங்காலமானால் என் மகளின் பள்ளியிலிருந்து போனுக்கு வாரச் செய்தி வந்துவிடுகிறது. என்ன பாடம் நடந்தது, யார் பயறு முளைக்க வைத்தார்கள், அடுத்த வாரம் என்ன கொண்டுவர வேண்டும் என்று வண்ண வண்ணமாகப் போட்டிருப்பார்கள். என் கணவர் சத்தமாக வாசித்துச் சிரிப்பார். நான் மட்டும் கடைசி வரிவரை தேடிப் பார்த்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைப்பேன்.

நான் நாலாவது படித்தபோது எங்கள் சாரும் இப்படி ஒன்று போட்டார். கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம் போகிற ரோட்டை விட்டு உள்ளே தள்ளிய ஊர் எங்களுடையது. மழை பெய்தால் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போக வேண்டும். சார் தன் கையால் எழுதி, டவுனில் ஜெராக்ஸ் எடுத்து, வெள்ளிதோறும் வீட்டுக்கு ஒரு தாள் கொடுத்துவிடுவார். முக்கால் தாளுக்குப் பாடம். அடியில் ஒரு கட்டம். அதற்குப் பெயர் வீட்டுச் செய்தி. வாரம் ஐந்து பிள்ளைகள் முறை வைத்து, வியாழக்கிழமையே சாரிடம் செய்தி சொல்லிவிட வேண்டும். மாடு கன்று போட்டது, மாமா மலேசியாவிலிருந்து வந்தார் என்று வருவதை ஊரே எழுத்துக் கூட்டி வாசிக்கும். பாடத்தை வாசித்தவர்கள் யாரையும் நான் பார்த்ததில்லை.

என் முறை கார்த்திகையில் வந்தது. அந்த வருஷம் தீபாவளியோடு அக்காவைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தியிருந்தார்கள். கடம்பூர் அத்தை படுத்த படுக்கையாக இருந்தாள். கண்ணை மூடுவதற்குள் மகன் கழுத்தில் மாலையைப் பார்த்துவிட வேண்டும் என்று அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாளாம். அப்பா தலையாட்டிவிட்டு வந்தார். (அத்தை அதற்குப் பிறகு எட்டு வருஷம் திடமாக இருந்தாள்.) அதிலிருந்து அக்கா வாசலைத் தாண்டவில்லை. போன் அப்பாவின் சட்டைப்பையிலேயே கிடந்தது. எனக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. கடம்பூர் போளிக்குப் பேர்போன ஊர்; அங்கே சம்பந்தம் என்றால் இனிமேல் போளிக்குப் பஞ்சமில்லை.

புதன்கிழமை சாயங்காலம் எனக்குத் தலை பின்னிக்கொண்டே அக்கா சொன்னாள்: "ஏட்டி, நாளைக்கு நீதான செய்தி சொல்லணும்? நான் சொல்லுதத அப்படியே சாருகிட்ட சொல்லு. எங்க அக்காவுக்குத் தை மாசம் கல்யாணம். அவளுக்குப் பதினாறு வயசுதான் ஆவுது. ரெண்டையும் சொல்லணும், என்ன?"

மூன்று தடவை ஒப்பிக்க வைத்தாள். அவள் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்திருக்கலாமே என்று பின்னால் பல தடவை நினைத்திருக்கிறேன். கொடுத்திருந்தால் அதை முதலில் அம்மாவிடம் காட்டியிருப்பேன். என் லட்சணம் அவளுக்குத் தெரியும்.

மறுநாள் எனக்கு முன்னால் ஒருவன் தன் வீட்டு ஆட்டின் கதையை நீட்டி முழக்கி, சாரை எரிச்சலாக்கி வைத்திருந்தான். நான் வாயைத் திறந்ததுமே, "ஆளுக்கு ஒரு வரிதாம்மா. எடமில்ல. எது முக்கியமோ அதச் சொல்லு" என்றார்.

நான் யோசித்தேன். நிஜமாகவே யோசித்தேன். வயசை யார் கேட்டார்கள்? கல்யாணத்தைச் சொன்னேன்.

வெள்ளிக்கிழமைத் தாளில் என் பெயரோடு வந்திருந்தது. சார் தன் பங்குக்கு 'வாழ்த்துகள்' என்று சேர்த்து, பக்கத்தில் ஒரு பூவும் வரைந்திருந்தார். ஓட்டமாக ஓடிவந்து அக்காவிடம் நீட்டினேன். அவள் நின்றபடியே வாசித்தாள். தாளைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் ஒன்றும் இல்லை.

"வயசு எங்கட்டி?"

"ஒரு வரிதான் எழுதுவாவளாம்க்கா."

அவள் என்னை அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அன்று சாயங்காலம் தாளை வாசித்துவிட்டு அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்தார்கள். அவளைப் பிறந்ததிலிருந்து பார்த்தவர்கள். அவள் வயசை அவர்களுக்கு யாரும் எழுதிக் காட்ட வேண்டியதில்லை. "கல்யாணப் பொண்ணே" என்று கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனார்கள்.

கல்யாணத்துக்குச் சாரும் வந்தார். தாலி கட்டி முடிந்து பந்தி நடந்துகொண்டிருந்தது. அவர் இலைக்கு நான்தான் போளி கொண்டுபோய் வைத்தேன். மேடையைப் பார்த்துக்கொண்டே, "உங்க அக்கா என்னம்மா படிச்சிருக்கா?" என்றார்.

"பத்தாவது சார். தீவாளிக்கு நிப்பாட்டிட்டாவ. பதினாறு வயசுதான் ஆவுது" என்று, மிச்சமிருந்த வரியையும் ஒப்பித்து முடித்தேன்.

சார் அக்காவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். போளியைத் தொடாமலே இலையை மூடிவிட்டு எழுந்தார். அவருக்கு இனிப்பு ஆகாது போலிருக்கிறது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமைத் தாளில் அந்தக் கட்டம் இல்லை. அதன் இடத்தில் ஏழாம் வாய்ப்பாடு இருந்தது. அதற்கப்புறம் வருஷம் முடியும்வரை கட்டம் வரவே இல்லை. இடம் பற்றாமல் சார் எடுத்துவிட்டார் என்றே நினைத்தேன். எனக்கு ஏமாற்றமாக இருந்தது. ஏனென்றால் இந்தத் தடவை ஒரே வரிக்குள் அடங்கும்படி செய்தி வைத்திருந்தேன்: எங்கள் அக்கா மறுவீட்டுக்கு வந்திருக்கிறாள், என்னோடு பேசமாட்டேன் என்கிறாள்.