வயரைப் பிடுங்கிய கை

செய்தி வந்தபோது நான் பேர்ண் நகரில் மகள் வீட்டுக் குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். முற்பகல் நேரம். தொலைபேசியில் ஞானம். முன்பு டாவோஸ் ஹோட்டலில் எங்களோடு பாத்திரம் கழுவியவன்.

"ராணியக்கா, யோகண்ணை மோசம் போயிட்டார்."

"எந்த யோகண்ணை?"

எந்த யோகண்ணை என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் கேட்டேன்.

"எங்கட டாவோஸ் யோகண்ணைதான் அக்கா. ஜூலியர் மலைப் பாதையில. எதிர வந்த கார்க்காரன் வளைவில முந்தப் பார்த்து நேர கொண்டந்து அடிச்சிட்டான். மோட்டார்சைக்கிள் ரெண்டாப் போச்சு. ஹெலிகொப்டர் வர முதலே எல்லாம் முடிஞ்சுது."

கையில் கத்தி இருந்தது. பலகையில் கிடந்த மீனின் தலையை ஒரே வெட்டாக வெட்டினேன். அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. பதினைந்து வருடமாக அவரிடம் கேட்க ஒரு கேள்வி வைத்திருந்தேன். பதில் சொல்லாமல் தப்பிப் போய்விட்டார்.

அவருடைய மனைவி தவமக்கா முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு நானும் எழுத வேண்டும் என்றா. "அவரைப் பற்றி எழுத என்னட்ட நல்லது ஒண்டும் இல்லை, தவமக்கா" என்றேன். "நல்லதை எழுத மற்றாக்கள் இருக்கினம். நீ உள்ளதை எழுது" என்றா. உள்ளதை எழுதுகிறேன். நான் நாலாம் வகுப்போடு நின்றவள். எழுத்துப் பிழை இருந்தால் மகள் திருத்துவாள். நடந்ததில் பிழை இராது. நான் எதையும் மறப்பவள் அல்ல.

யோகண்ணையைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அவர் உயரமான மனிதர். கொதிதண்ணீரிலும் சவர்க்காரத்திலும் முப்பது வருடம் கிடந்து கைகள் இரண்டும் அவித்த இறைச்சி மாதிரிச் சிவந்திருக்கும். எண்பதுகளில் ஊரிலிருந்து இங்கே வந்து, ஒரே ஹோட்டலில் ஒரே தொட்டியின் முன்னால் நின்றவர். குரல் மெதுவானது, கை அப்படியல்ல.

அந்தக் கையை நான் முதலில் கண்டது 2009 தை மாதம். வன்னியில் ஷெல் மழையாகக் கொட்டிய நேரம். எங்கள் ஆட்களின் செய்தி வருகின்ற செய்மதி வானொலி ஒன்றை அவர் வாங்கி வந்திருந்தார். வானொலி ஒரு கைக்குள் அடங்கும். அதற்கு ஒரு அன்ரெனா, றஸ்க் துண்டளவில், சதுரமாக. அதை வானத்துக்குக் காட்ட வேண்டும், அதுவும் தெற்கு வானத்துக்கு. எங்கள் குசினியோ நிலத்துக்குக் கீழே. யோகண்ணை காற்றுப் போகும் சின்ன யன்னலில் அன்ரெனாவை வைத்துவிட்டு, ஒரு சொல்லாவது வருகிறதா என்று காதை ஒட்டிக்கொண்டு நிற்பார்.

ஒரு நாள் இரண்டாம் சமையற்காரன் அதை எடுத்து அழுக்குத் தண்ணீருக்குள் எறிந்தான். "இது குசினியா, உங்கட பாராளுமன்றமா?" என்று ஜெர்மனில் கேட்டுச் சிரித்தான். அந்தச் சிரிப்பு முடிய முதல் யோகண்ணை அவனைக் கழுத்தோடு பிடித்துச் சுவரில் அடித்தார். தட்டு ராக்கை சரிந்து ஐம்பது அறுபது தட்டு நொறுங்கியது. அவன் கால் நிலத்தில் படவில்லை. நானும் ஞானமும் தொங்கித்தான் அந்தக் கையைக் கழற்றினோம். எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். அதை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, தண்ணீருக்குள் கைவிட்டு அன்ரெனாவைத் தேடி எடுத்தார். துடைத்தார். அது வேலை செய்தது.

எனக்கு அந்த வானொலி ஏன் வேண்டும் என்றால், செல்வமலர். என் ஒரே தங்கச்சி. முரசுமோட்டையிலிருந்து பிள்ளையோடு இடம்பெயர்ந்து கடற்கரைப் பக்கம் போனவள். தை மாதம் கடைசியாகக் கதைத்தாள். "பங்கருக்குள்ள தண்ணி நிக்குது அக்கா. பிள்ளையைத் தலையில வைச்சுக்கொண்டு இருக்கிறன்." பிறகு தொடர்பே இல்லை. அந்த வானொலியில் பின்னேரம் மூன்று மணிக்கு இறந்தவர்களின் பெயரை வாசிப்பார்கள். அவளுடைய பெயர் வராத ஒவ்வொரு நாளும் அவள் உயிரோடு இருந்தாள். என் கணக்கு அவ்வளவுதான்.

ஆனால் ஹோட்டல் ஆட்கள் இருந்த வீடும் மலை அடிவாரத்தில். தெற்கே மலை சுவர் மாதிரி நின்று செய்மதியை மறைத்தது. அப்போதுதான் யோகண்ணை தன்னுடைய பழைய பெரிய மோட்டார்சைக்கிளில், நெடுந்தூரம் ஓடுவதற்கென்று பின்னால் பெட்டி வைத்துக் கட்டிய அந்த யானையில், அன்ரெனாவைப் பூட்டினார். மதியச் சமையலுக்கும் இரவுச் சமையலுக்கும் இடையில் எங்களுக்கு ஓய்வு உண்டு. சிம்மர்ஸ்ருண்ட என்பார்கள். மற்றவர்கள் படுப்பார்கள். நாங்கள் வானம் தேடி வொல்ஃப்காங் மேட்டுக்கு ஓடினோம்.

எங்கே பூட்டுவது என்று அவர் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். முதலில் பெற்றோல் தாங்கியின் மேல் வைத்தார். சத்தமே இல்லை. "செய்மதி தெற்கில நிக்குது, நாங்கள் வடக்க போறம். நடுவில என்ர நெஞ்சும் வயிறும் மதில் மாதிரி" என்றார். கண்ணாடித் தண்டில் கட்டினார். அங்கே தோள் மறைத்தது. கடைசியில் பின்பெட்டியின் மூடியில். பெட்டி பிளாஸ்ரிக், அன்ரெனாவுக்கு அடியில் தகடு வேண்டும் என்று குசினியிலிருந்து ஒரு சட்டி மூடியைக் கொண்டுவந்து, பிடியை அறுத்து, பெட்டியின் மேல் ஆணி அடித்து இறுக்கினார். அதன் நடுவில் அன்ரெனா. வயர் என் தொடைக்குக் கீழால் போய், முன்னால் தாங்கியின் மேலுள்ள பைக்குள் இருந்த வானொலியில் முடியும். அங்கிருந்து இரண்டு பேரின் ஹெல்மெட்டுக்குள்ளும் காதுமாட்டி.

போகும்போது சத்தம் கண்ணாடி மாதிரி வரும். திரும்பி வரும்போது நாங்கள் தெற்குப் பார்த்து வருவதால் என் முதுகும் தலையும் அன்ரெனாவுக்கு முன்னால் நிற்கும். "பிள்ளை, குனி!" என்று கத்துவார். நான் குனிந்து அவர் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டு வருவேன். ஊர் வாய் சும்மா இருக்குமா? நான் புருஷனை இழந்தவள். "ராணி யோகண்ணையில சாய்ஞ்சுகொண்டெல்லோ போறா" என்று தவமக்காவிடம் போய்ச் சொன்னார்கள். அதற்கு தவமக்கா, "சாயட்டும். செய்தி கேட்டால் எனக்கும் வந்து சொல்லச் சொல்லு" என்றாவாம். அவவிடம் போய்க் கோள் சொன்னது யார் என்பதும் எனக்குத் தெரியும். இந்த மலரைக் கையில் வைத்துக்கொண்டிருப்பீர்கள், கமலா.

ஒருமுறை பனி நனைக்கும் என்று நான் குசினிச் சில்வர் பேப்பரால் அன்ரெனாவை வடிவாகச் சுற்றிக் கட்டினேன். வடை சுற்றுவதுபோல. அன்று மேட்டில் ஒரு சொல்லும் வரவில்லை. இறங்கிப் பார்த்தார். 

"ஆர் பார்த்த வேலை இது?"

"நனையுமெண்டு..."

"செய்மதிக்குச் சேலை கட்டி விட்டிருக்கிறாய். அது வெக்கத்தில வாய் திறக்குதில்லை."

அவர் சிரித்து நான் கண்ட கடைசி நாள் அதுதான்.

சித்திரை மாதம். சீசன் முடிய ஒரு கிழமை இருந்தது. வெயில் எறித்தது, தெருவோரம் பனி இடுப்பளவுக்குக் கிடந்தது. வொல்ஃப்காங் தாண்டி குளோஸ்ரேர்ஸ் பக்கமாக இறங்கும் வளைவுகளில் போய்க்கொண்டிருந்தோம். மூன்று மணிக்கு வாசிக்கத் தொடங்கினார்கள். அன்று வாசித்ததை இன்றும் ஒப்புவிப்பேன். முதலாவது, மாத்தளனில் ஒரு ஆசிரியை, பெயர் கனகாம்பிகை. இரண்டாவது, விசுவமடுவைச் சேர்ந்த கந்தையா சிவநேசன், முப்பத்தொன்பது வயது. அதைக் கேட்டு நான் வாய்விட்டுச் சொன்னேன்: "ஐயோ பாவம், ஆர் பெத்த பிள்ளையோ!" யோகண்ணை வளைவை வளைத்தார். மூன்றாவதாக இரண்டு சின்னப் பிள்ளைகள், சகோதரங்கள். நாலாவது: "முரசுமோட்டையைச் சேர்ந்த..."

காதுக்குள் 'டக்' என்றது. பிறகு ஒன்றுமில்லை.

அவருடைய இடக்கை பைக்குள்ளிருந்து வெளியே வருவதைக் கண்டேன்.

"அண்ணை! அண்ணை, நிப்பாட்டுங்கோ!"

அடுத்த ஒதுக்குப்புறத்தில் நிறுத்தினார். இறங்கினேன். "ஏன் நிண்டது?"

"மலை மறைச்சிட்டுது, பிள்ளை."

பொய். மலை மறைத்தால் சொல் துண்டு துண்டாக உடைந்துதான் நிற்கும். இது வெட்டினதுபோல நின்றது. நாங்கள் வடக்குப் பார்த்து நின்றோம், அன்ரெனா பின்னால் இருந்தது, அதற்குப் பின்னால் தெற்கு வானம் ஒரு முகில்கூட இல்லாமல் திறந்து கிடந்தது. எல்லாம் அவரே எனக்குச் சொல்லித்தந்தவை. பையைத் திறந்தேன். வயர் பிடுங்கிக் கிடந்தது, முனை முறிந்து.

"என்ர தங்கச்சியின்ர பேரை என்னட்ட இருந்து பிடுங்க நீ ஆரடா?"

ஹெல்மெட்டைக் கழற்றி முகத்தில் அடித்தேன். ஒன்றல்ல. மூக்கு உடைந்தது. இன்னொன்று, பல் முறிந்து பனியில் விழுந்தது. இரத்தம் வெள்ளைப் பனியில் கொட்டிக்கொண்டிருந்தது. சமையற்காரனைச் சுவரில் அடித்த மனிதர் இரண்டு கையையும் தொங்கவிட்டுக்கொண்டு நின்றார். கொன்றிருப்பேன். கை ஓய்ந்துதான் நிறுத்தினேன்.

அவர் வாயைத் துடைத்துவிட்டுச் சொன்னது இவ்வளவுதான்: "பிள்ளை, ஏறு. மிச்ச வளைவும் இருக்கு."

ஏறவில்லை. திரும்பி டாவோஸ் பக்கமாக நடந்தேன், மேடு முழுக்க. பின்னால் அந்த மோட்டார்சைக்கிள், முதலாம் கியரில், என் நடைக்கு வந்தது. இரண்டு பக்க விளக்கும் மினுக்கிக்கொண்டு, பின்னால் வந்த கார்களைச் சுற்றிப் போகவைத்துக்கொண்டு. இரண்டு மணித்தியாலத்துக்கு மேல். நான் ஒருமுறையும் திரும்பிப் பார்க்கவில்லை.

மூன்று நாள் ஒன்றும் தெரியவில்லை. அந்த மூன்று நாளில் நான் தின்றதும் இல்லை, படுத்ததும் இல்லை. நாலாம் நாள் வவுனியாவிலிருந்து ஒருவர் தொலைபேசி எடுத்துச் சொன்னார். செல்வமலர்தான். பிள்ளை தப்பியது, ஒரு கையோடு.

அந்த மூன்று நாளுக்காகத்தான் நான் அவரை மன்னிக்கவில்லை. அவளுக்காக அழ வேண்டிய மூன்று நாளும் அவள் இருக்கிறாளோ என்று கோயில்களுக்கு நேர்த்தி வைத்துக்கொண்டிருந்தேன். செத்தவளுக்கு நேர்த்தி வைக்கவைத்தவர் அவர். அந்த மாதமே அவருடைய தம்பி 'குட்டி'யும் செத்தது எனக்குத் தெரியும். ஒவ்வொரு வீட்டிலும் ஒருவர் செத்த காலம் அது. எந்த நாள், எந்த இடம் என்று நான் கேட்கவில்லை. முகம் பார்க்காதவரிடம் எதைக் கேட்பது? சீசன் முடிய பேர்ணுக்கு வந்துவிட்டேன். கோயில் திருவிழாவில் இரண்டு தடவை எதிரே வந்தார். ஏன் பிடுங்கினீர்கள் என்ற கேள்வியை வாய்க்குள் வைத்துக்கொண்டு இரண்டு தடவையும் நான் மற்றப் பக்கத்தால் போனேன். அந்த வானொலி கொஞ்ச நாளில் நின்றுபோனது என்றும், அன்ரெனாவை அவர் கழற்றவில்லை என்றும் ஞானம் சொன்னான். நான் கேட்காமலே சொன்னான்.

பிறகு இந்தச் சாவு. மகள் காரில் கூட்டிப்போனாள். மண்டப வாசலில் மரண அறிவித்தலை ஒட்டியிருந்தார்கள். நான் எழுத்துக் கூட்டி வாசிப்பவள், எல்லோரும் உள்ளே போன பிறகும் நின்று வாசித்தேன். எங்கள் ஆட்களின் அறிவித்தலில் எல்லா உறவும் இருக்கும், எல்லோருக்கும் பதிந்த பெயர் இருக்கும். கந்தையா யோகநாதன் அவர்கள். தவமணி அவர்களின் அன்புக் கணவரும். இன்னாரின் தந்தையும். அதற்குக் கீழே: காலஞ்சென்ற சிவநேசன், விசுவமடு, அவர்களின் பாசமிகு அண்ணனும்.

அந்த வரியில் நின்றுவிட்டேன்.

'குட்டி' என்றே சொல்லுவார். எத்தனை நாள் சொல்லியிருப்பார். குட்டிக்கு ஒரு பெயர் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. பட்டியலில் இரண்டாவது. என் வாயால், அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து, "ஆர் பெத்த பிள்ளையோ" என்று கேட்டேன். அவர் அதைக் காதில் வாங்கிக்கொண்டு, பின்னால் இருந்த என்னை விழவிடாமல் வளைவை வளைத்தார். அதன் பிறகு இரண்டு பிள்ளைகளின் பெயர். அதன் பிறகு என் ஊரின் பெயர். அப்போதுதான் அந்தக் கை பைக்குள் போனது. ஒரு பெயர் ஒரு ஆளை என்ன செய்யும் என்பது அந்தக் கைக்கு அப்போது தெரிந்திருந்தது.

உள்ளே தவமக்கா என் கையைப் பிடித்தா. "அந்தப் பல்லை அவர் கடைசிவரை கட்டேல்லை, ராணி. கேட்டவைக்கெல்லாம் மோட்டார்சைக்கிளால விழுந்தனான் எண்டுதான் சொன்னவர்."

"குட்டி செத்தது எப்ப தெரியும் அவருக்கு?"

"அண்டைக்கு முகமெல்லாம் ரத்தத்தோட வந்தவர். வாசல்லயே நிண்டு சொன்னவர், குட்டி போயிட்டான் எண்டு. வேற ஒண்டும் சொல்லேல்லை."

பொலிஸ் திருப்பிக் கொடுத்த சாமான்கள் படத்துக்குக் கீழே இருந்தன. மோட்டார்சைக்கிளில் மிஞ்சியது ஒரு சட்டி மூடி. நடுவால் வளைந்து, அன்ரெனாவின் பாதி அதில் ஒட்டியபடி.

சவப்பெட்டியை எரிக்கும் இடத்துக்குக் கொண்டுபோனார்கள். பெண்கள் மண்டபத்திலேயே நிற்கட்டும் என்று ஒருவர் சொன்னார். அவரை நான் பார்த்த பார்வையில் விலகிவிட்டார். பெட்டிக்குப் பின்னால் நடந்தேன், அதன் வேகத்துக்கு, கதவு வரைக்கும்.

யோகண்ணை, பொய் பொய்தான். மலை மறைக்கவில்லை. அதை நான் சாகும்வரை சொல்லுவேன். ஆனால் உங்களுடைய பல்லுக்கு நான் கடன்பட்டவள். அன்று முழு மேட்டுக்கும் நீங்கள் எனக்குப் பின்னால் வந்தீர்கள். இன்று நான் வந்தேன். நான் அன்று பார்க்காததுபோல நீங்களும் திரும்பிப் பார்க்கவில்லை. சரி. போங்கோ.