ஆசியா ராத்தாவின் கைக்கு எழுதிய இலக்கம்

நோயாளி வீட்டுக்குப் போன பிறகுதான் எங்கள் வேலை தொடங்கும். ஆஸ்பத்திரி வாட்டில் அவருக்காக எழுதப்பட்ட தாள்கள் எல்லாம் ஒரு கட்டாக எங்கள் பதிவேட்டு அறைக்கு வரும். அந்தக் கட்டை டிக்கட் என்போம். டிக்கட்டைப் படித்து, டொக்டர் கடைசியில் எழுதிய நோயின் பெயரைத் தேடிப் பிடித்து, தடித்த புத்தகம் ஒன்றைப் புரட்டி, அந்த நோய்க்குரிய இலக்கத்தை மேல்மூலையில் எழுத வேண்டும். கல்முனைக் கரையில் ஓர் ஆஸ்பத்திரியில் நான் பார்த்த உத்தியோகம் இது. உங்களையும் யாராவது ஒருவர் ஏதாவது ஒரு படிவத்தின் கட்டத்துக்குள் கைகால் மடக்கி அடைத்திருப்பார். அப்படி அடைத்தவர்களில் நானும் ஒருவன். என்னையும் பலர் அடைத்திருக்கிறார்கள். ஆகவே கோபப்படாமல் கேளுங்கள்.

கடலுக்கு இலக்கம் இல்லை

சுனாமி வந்த வாரத்தில் எங்கள் அறைக்குள்ளும் தண்ணீர். பழைய டிக்கட்டுகளைக் கயிறு கட்டி, உடுப்புக் கிளிப் மாட்டிக் காயப்போட்டோம். அதற்குள் புது டிக்கட்டுகள் வந்து குவிந்தன. காயம் என்றால் இரண்டு இலக்கம் எழுத வேண்டும். என்ன காயம் என்பதற்கு ஒன்று, அது எப்படி வந்தது என்பதற்கு ஒன்று. முதலாவது சுலபம். இரண்டாவதற்கு எங்கள் பழைய புத்தகத்தில் எவ்வளவு தேடியும் சுனாமி என்ற சொல் அகப்படவில்லை.

எங்கள் அறைக்குப் பொறுப்பானவர் தங்கராசா ஐயா, காரைதீவுக்காரர். புத்தகத்தில் இருப்பதுதான் உலகத்தில் இருக்கும் என்று நம்புகிறவர். "நீரில் மூழ்கியது எண்டு ஒரு வரி கிடக்கு தம்பி, அதைப் போடு" என்றார். எதற்கும் கேட்டுவிடலாம் என்று, விறாந்தையில் கால் முறிந்து படுத்திருந்த மீனவர் ஒருவரிடம் போனேன். "காக்கா, நீங்க தண்ணியில முங்கினதா எழுதட்டா?" என்றேன். எங்கள் பக்கம் அண்ணனைக் காக்கா என்போம். அவர் முழங்கையை ஊன்றி எழும்பினார்.

"முங்கினதா? நாப்பது வருசமாக் கடலுக்குப் போறன், ஒருநாளும் முங்கல்ல. நான் கடலுக்குள்ள போகல்ல தம்பி, கடல்தான் என்ட ஊட்டுக்குள்ள வந்த. அத எழுதுங்க!"

சிவப்பு மை

இனி எங்கள் அறையின் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். காசநோய்க் கிருமியைச் சாயம் ஏற்றி நுண்ணோக்கிக் கண்ணாடிக்குள் பார்த்தால் சிவப்புக் குச்சி மாதிரித் தெரியும். அதனால் எங்கள் ஆய்வுகூடத்தில் அந்தக் குச்சியைக் கண்டால் முடிவைச் சிவப்பு மையால் எழுதுவார்கள். சிவப்பு மைத் தாள் உள்ள டிக்கட்டுகளை நாங்கள் இடப்பக்கம் அடுக்குவோம். இடப்பக்க அடுக்கு முழுவதும் காசநோய். தோலில் என்றால் ஏ பதினெட்டு. டிக்கட்டின் மீதிப் பக்கங்களை வாசிக்கவே தேவையில்லை. அவ்வளவு வசதியான வழக்கம்.

ஆனால் அந்தக் கிருமிக்கு உறவுக்காரர்கள் பலர் உண்டு. அவர்கள் தண்ணீரிலும் சேற்றிலும் சும்மா வாழ்கிறவர்கள். வெட்டுக்காயம் வழியாக எப்போதாவது உள்ளே போய்விடுவார்கள். போன இடத்தில் கட்டி கட்டியாக எழும்பும், மாதக்கணக்கில் ஆறாது. ஆனால் ஆளிலிருந்து ஆளுக்குத் தொற்றாது. கண்ணாடிக்குள் அவர்களும் சிவப்புக் குச்சிகள்தான். அவர்களுக்குப் புத்தகத்தில் வேறு இலக்கம், ஏ முப்பத்தொன்று. நான் அந்தப் பக்கத்தை வாசித்திருந்தேன். எங்கள் அறையில் யாரும் அந்த இலக்கத்தை எழுதியதை மட்டும் கண்டதில்லை.

ஒருநாள் பாலமுனை ஆசியா உம்மாவின் டிக்கட் வந்தது. கடல் அவரை முள்ளுக்கம்பி வேலியில் கொண்டுபோய் எறிந்திருந்தது. இடது முன்கை கிழிந்து, தைத்து, மூடி, பல மாதங்களின் பின் அதே இடத்தில் வரிசையாகக் கட்டிகள். சிவப்பு மைத் தாள் இருந்தது. நோயின் பெயருக்குப் பக்கத்தில் தோல் டொக்டர் பெரிய கேள்விக்குறி போட்டு, 'கொழும்பு ரிப்போட் வரவேண்டும்' என்று எழுதியிருந்தார். கேள்விக்குறிக்கு இலக்கம் கிடையாது. தங்கராசா ஐயாவிடம் காட்டினேன். அவர் மூக்குக்கண்ணாடியைக்கூடப் போடவில்லை.

"சிவப்பெண்டா பதினெட்டு தம்பி. இதில யோசிக்கிறதுக்கு என்ன கிடக்கு?"

பதினெட்டு என்று எழுதினேன். ஐயாவின் கையால் அல்ல, என் கையால்.

அஸர் நேரத்து மோட்டார் சைக்கிள்

மாதம் ஒருமுறை, காசநோய் இலக்கம் பெற்றவர்களின் பெயர்ப் பட்டியலை மார்புநோய் கிளினிக்குக்கு அனுப்புவோம். அங்கிருந்து அது அந்தந்தப் பகுதிச் சுகாதாரப் பரிசோதகருக்குப் போகும். ஆசியா உம்மா அப்போது அகதி முகாமில், தகரக் கொட்டில் வரிசையில் இருந்தார். கணவரைக் கடல் கொண்டுபோய்விட்டது. மூன்று பிள்ளைகள். பின்னேரம் அஸர் தொழுகை முடிந்ததும் கொட்டில் வாசலில் அப்பம் சுடுவார். முகாமே வந்து வரிசையில் நிற்கும்.

அந்த வரிசைக்கு முன்னால்தான் பரிசோதகர் மோட்டார் சைக்கிளை நிறுத்தினார். இறங்கக்கூட இல்லை. "காசநோய் எண்டு வந்திருக்கிற ஆசியா உம்மா யாரு?" என்று கேட்டார். வரிசை கலைந்தது. அன்று கரைத்த மா அப்படியே புளித்தது. மறுநாளும் புளித்தது. மூன்றாம் நாள் அவர் எங்கள் யன்னலுக்கு வந்துவிட்டார்.

"ராத்தா, இஞ்ச நோயாளிமாருக்கு வர ஏலாது" என்றேன். எங்கள் பக்கம் அக்காவை ராத்தா என்போம்.

"நோயாளி எண்டு எழுதினது இஞ்சதானே? வேற எங்க போக?" சட்டைக் கையைச் சுருட்டி, துணி சுற்றிய முன்கையை யன்னல் கம்பிக்கிடையில் நீட்டினார். "என்ட புள்ளயளுக்குப் பிளேண்டி ஊத்திக் குடுக்கிற கோப்பையையும் பக்கத்துக் கொட்டில்ல புறம்பா வைக்கிறாங்க. அந்த அடுப்பு எரிஞ்சாத்தான் எங்களுக்குச் சோறு. தோல் டொக்டர் என்னத்த சொன்னா தெரியுமா? இன்னும் தெரியா, ரிப்போட் வரட்டும் எண்டு சொன்னா."

நான் டிக்கட்டைத் தேடுவது போலக் குனிந்தேன். அவர் விடவில்லை.

"என்ட கையப் பாத்த டொக்டருக்கே தெரியாதது, கையப் பாக்காத ஒங்களுக்கு எப்பிடித் தெரிஞ்ச?"

பிஸ்கட் டின்

எங்கள் அறையில் கிறீம் கிறேக்கர் டின் ஒன்று உண்டு. டிக்கட்டுக்கு இலக்கம் போட்டுக் கட்டிவிட்டால் பிறகு அவிழ்ப்பதில்லை. அது ஐயாவின் சட்டம். அதன் பின் வந்து சேரும் தாள்கள் டின்னுக்குள் போகும். டின் நிறைந்தால் கையால் அமத்துவோம். அமத்த முடியாவிட்டால் இன்னொரு டின் தேடுவோம். உள்ளே கையை விட்டு ஒன்றைத் தேடி எடுத்தவர் யாரும் இல்லை.

ஆசியா ராத்தா போனதும் டின்னை நிலத்தில் கவிழ்த்தேன். அடியிலிருந்து சில தாள்களுக்கு மேலே கிடந்தது கொழும்பு ரிப்போட். கிருமியை வளர்த்துப் பார்க்கக் கிழமைக்கணக்கில் எடுக்கும், அதனால்தான் சுணக்கம். காசநோய்க் கிருமி இல்லை என்று தட்டச்சில் தெளிவாக இருந்தது. தண்ணீரில் வாழும் உறவுக்காரரின் பெயர் அடியில் இருந்தது. மூலையில் எங்கள் அறையின் திகதி முத்திரை. நான் பட்டியலை அனுப்புவதற்கு நாலு நாள் முந்திய திகதி.

அந்த முத்திரையைக் குத்தியவனும் நான்தான். குத்தி, வழக்கப்படி டின்னுக்குள் போட்டிருக்கிறேன். தாளைத் தங்கராசா ஐயாவிடம் நீட்டினேன். இரண்டு தரம் வாசித்தார். பிறகு மெதுவாகத் திருப்பித் தந்தார்.

"அனுப்பின பட்டியல் அனுப்பினதுதான் தம்பி. இப்ப கடிதம் போட்டா, இத்தின வருசமாப் போட்டது முழுக்கச் சரியா எண்டு கேட்பானுகள். டின்ன மூடு."

எவருடைய பிழை

நான் மூடவில்லை. தாளை எடுத்துக்கொண்டு தோல் கிளினிக்குக்கு நடந்தேன். டொக்டர் அதைக் கண்டதும் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழும்பினார். "இதை ரெண்டு கிழமையாக் கேட்டுக்கொண்டிருக்கிறன்! இந்தக் கிருமிக்கு வேற குளிசை. நீங்கள் டின்னுக்குள்ள வைச்சுப் பூட்டினது ரிப்போட்டை இல்லை, அந்த மனிசியின்ர மருந்தை" என்றார். காசநோய் அல்ல, பிறருக்குத் தொற்றாது, சமைக்கலாம் விற்கலாம் என்று எழுதிக் கையெழுத்து வைத்தார். கீழே எங்கள் பொறுப்பாளரின் கையெழுத்தும் வேண்டும்.

நான் எழுதிய திருத்தக் கடிதத்தையும் சேர்த்து ஐயாவின் மேசையில் வைத்தேன். "என்னை மலைப்பக்கம் இடம் மாத்தப் போறாங்க" என்றார். "நீங்க வைக்காட்டி என்ட பேரில அனுப்புறன் ஐயா. இலக்கம் போட்டவன் நான், முத்திரை குத்தினவன் நான். எனது கைப்பிழை எண்டுதான் எழுதியிரிக்கன்" என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. ஐயா கடிதத்தை வாசித்தார். பேனையைத் திறந்தார். மூடினார். திரும்பவும் திறந்தார்.

"கைப்பிழை எண்டத வெட்டு. எங்கள் அலுவலகத்தின் பிழை எண்டு எழுது. அந்தச் சட்டம் போட்டது நான். எழுதினாத்தான் கையெழுத்து வைப்பன்."

வந்த வழியாலே

கடிதத்தின் பிரதியை ஆசியா ராத்தாவிடம் கொடுத்தேன். சந்தோசப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் அதை வாசித்துவிட்டு மடித்து என் கையிலேயே வைத்தார்.

"இத நான் கொட்டில் கொட்டிலா வாசிச்சுக் காட்டவா? அவர் மோட்டார் சைக்கிள்ளதானே வந்தார். அதே சைக்கிள்ள, அதே அஸருக்கு, அதே சத்தத்தில வந்து சொல்லட்டும். நீங்களும் வாங்க."

பரிசோதகர் நல்ல மனிதர். என்னைத் திட்டிவிட்டுப் புறப்பட்டார். நான் பின்னால் மிதிவண்டியில் போனேன். அஸர் முடிந்து சனம் வாசல்களில் நின்றது. இந்த முறை அவர் இறங்கினார். ஆசியா உம்மாவுக்குக் காசநோய் இல்லை, இருந்ததும் இல்லை, எழுதிய இடத்தில் பிழை என்று உரத்துச் சொன்னார். எழுதிய இடம் நான்தான் என்று நானும் சொன்னேன். ஒருவரும் அசையவில்லை. ராத்தா அப்பத் தாச்சியை அடுப்பில் வைத்தார். முதல் அப்பம் பரிசோதகருக்கு. இரண்டாவது எனக்கு. அவசரத்தில் நாக்கைச் சுட்டுக்கொண்டேன். பரிசோதகர் முழுவதையும் தின்று முடித்து, "சம்பல் கொஞ்சம் போடுங்க" என்று இன்னொன்று கேட்டார்.

பக்கத்துக் கொட்டில் பெண், பிள்ளைகளின் தேநீர்க் கோப்பையைப் புறம்பாக வைத்தவர், முந்தானையைச் சரிசெய்துகொண்டு வந்தார். "எனக்கு நாலு தாங்க ராத்தா. ஒண்டு முட்ட அப்பம்."

ஆசியா ராத்தா தலையை நிமிர்த்தவில்லை.

"சுடுறன். ஆனா மொதல்ல என்ட புள்ளயள்ற கோப்பைய எடுத்து ஒங்கட கோப்பையோட வைச்சிட்டு வாங்க."

ஏன் உங்களிடம் மட்டும்?

கோப்பை சேர்ந்தது, அப்பமும் விற்றது. கை ஆறப் பல மாதம் குளிசை எடுக்க வேண்டியிருந்தது. இடப்பக்க அடுக்கு மட்டும் எங்கள் அறையிலிருந்து போய்விட்டது. டின் ஐயாவின் மேசைக்கே இடம் மாறியது. பட்டியல் அனுப்பும் நாளில் முதலில் அதைக் கவிழ்ப்போம். கட்டிய டிக்கட்டுகளை அவிழ்ப்போம். சில ஆண்டுகளில் எங்கள் அறிக்கையில் ஏ முப்பத்தொன்று என்ற வரியில் ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கை விழத் தொடங்கியது. வள்ளத்து ஆணி குத்திய விரல், வயல் சேற்றில் கிழிந்த கால், சுனாமித் தகரம் வெட்டிய முதுகு.

யுத்தம் முடிந்த வருடம் பாதைகள் திறந்தன. அதுவரை வராத மேலதிகாரிகளும் வந்தார்கள். கொழும்பிலிருந்து வந்த ஒருவர் எங்கள் அறிக்கைகளை விரித்து வைத்து விரலால் தட்டினார். அக்கம்பக்கத்து ஆஸ்பத்திரிகளில் இந்த வரி வெறுமையாக இருக்கிறது, இங்கே மட்டும் எப்படி, நீங்கள் இலக்கம் போடத் தெரியாமல் போடுகிறீர்களா என்று கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் தங்கராசா ஐயா எழும்பினார். ஓய்வு பெறுவதற்குச் சில மாதங்களே இருந்தன. டின்னை எடுத்து அதிகாரியின் முன்னால் வைத்தார்.

"இந்த நோய் எங்கட ஆக்களுக்கு மட்டும்தான் வருகுது எண்டு இல்ல சேர். மத்த இடத்தில டின்னைத் திறக்கிறதில்ல."

ஒரு நோய்க்கு இலக்கம் எழுத எனக்கு ஒரு நிமிடம்கூடத் தேவைப்படவில்லை, அதை அழிக்க இரண்டு கையெழுத்தும், ஒரு மோட்டார் சைக்கிளும், நாக்குச் சுடச் சுட ஓர் அப்பமும் தேவைப்பட்டன.